கருவுற்ற காலத்தில் கீமோ: நஞ்சுக்கொடி தாங்குமா?

குடியாத்தத்திலிருந்து ஓர் ஆசிரியர் கேட்டிருக்கிறார். அவருடைய தங்கைக்கு 31 வயது, 20 வாரக் கர்ப்பம், இடது மார்பில் புற்றுநோய் உறுதியாகியிருக்கிறது. வேலூரில் பார்த்த மருத்துவர்கள் அடுத்த வாரமே கீமோ தொடங்கலாம் என்கிறார்கள். வீட்டிலோ பெரியம்மா ஒருவர், "அந்த மருந்து நஞ்சையே கருக்கிவிடும், பிள்ளை தங்காது" என்று சொல்லி எல்லோரையும் கலங்கடித்திருக்கிறார். நஞ்சுக்கொடி மருந்தைத் தடுத்து நிறுத்தும் சுவரா, இல்லை, மருந்தில் அதுவே கெட்டுப்போகுமா என்பது அவருடைய கேள்வி.

வேலூரில் 26 ஆண்டுகள் பேத்தாலஜி ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். புற்றுநோய்க்கு மருந்து எழுதியவன் அல்லன். மருந்தைத் தாங்கிய பிறகு வெளியே வந்த நஞ்சுக்கொடிகளை அறுத்துப் பார்த்தவன். அந்த இடத்திலிருந்தே பதில் சொல்கிறேன். உங்கள் தங்கையின் மருந்தையும் நாளையும் முடிவு செய்ய வேண்டியவர்கள் அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்கள்தாம்.

பெரியம்மா சொன்னது முழுத் தவறில்லை என்பதிலிருந்து தொடங்குகிறேன். நஞ்சுக்கொடியை உண்மையாகவே கருக்கும் கீமோ மருந்து ஒன்று உண்டு. அதன் பெயர் மெத்தோட்ரெக்ஸேட். கரு கருப்பையில் தங்காமல் குழாயில் தங்கிவிட்டால், அறுவை இல்லாமல் அதைக் கரைப்பதற்கு இன்றும் அந்த ஊசியைத்தான் போடுகிறார்கள். அது ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கும் மருந்து. வேகமாகப் பிரியும் செல்களுக்குப் புதிய டி.என்.ஏ எழுத ஃபோலிக் அமிலம் வேண்டும். இளம் நஞ்சுக்கொடியைப்போல வேகமாகப் பிரியும் திசு உடலில் வேறு எங்கும் அதிகம் இல்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகடா சுப்பாராவின் தலைமையில் இயங்கிய லெடர்லி ஆய்வகத்தில் 1940களில் உருவான மருந்து அது. 1956இல் மின் சியு லீ, ராய் ஹெர்ட்ஸ் இருவரும் அதைக் கொண்டு, நஞ்சுக்கொடித் திசுவிலிருந்து கிளம்பும் கோரியோகார்சினோமா என்ற புற்றுநோய் மறைவதைக் காட்டினார்கள். திரண்ட கட்டியாக வளரும் புற்றுநோய்களில் மருந்து ஒன்றாலேயே முதன்முதலில் குணமானது நஞ்சுக்கொடியின் புற்றுநோய்தான். ஆகவே கீமோவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் உள்ள பகை பழையது, மெய்யானது.

ஆனால் உங்கள் தங்கைக்குப் போடப்போவது மெத்தோட்ரெக்ஸேட் அன்று. காலமும் முதல் மூன்று மாதம் அன்று. இந்த இரண்டும்தான் எல்லாவற்றையும் மாற்றுகின்றன. ஏன் என்று புரிய, நஞ்சுக்கொடியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். நிறைமாத நஞ்சுக்கொடி ஒன்று ஆய்வக மேசைக்கு வரும்போது, ஏறத்தாழ ஒரு சாண் அகலத்தில், இரண்டு மூன்று செ.மீ. கனத்தில், அரைக் கிலோ எடையில் இருக்கும். ஒரு பக்கம் வழவழப்பாக, தொப்புள்கொடி ஊன்றிய இடத்திலிருந்து ரத்தக் குழாய்கள் ஆலமர வேர்போல விரிந்திருக்கும். மறுபக்கம் கருஞ்சிவப்பாக, பாளம் பாளமாகப் பிரிந்திருக்கும். அந்தப் பக்கத்திலிருந்து நகக்கண் அளவு கிள்ளி ஒரு கிண்ணம் உப்பு நீரில் விட்டால், சதைத்துண்டு போலத் தெரிந்தது மெல்ல அவிழ்ந்து, கிணற்றுப் பாசியைப்போலக் கிளை கிளையாக மிதக்கும். தாயின் ரத்தம் இந்தக் கிளைகளை வெளியிலிருந்து நனைக்கிறது; குழந்தையின் ரத்தம் கிளைகளுக்கு உள்ளே ஓடுகிறது. இரண்டும் கலப்பதில்லை. கிளைகள் அனைத்தின் மேற்பரப்பையும் விரித்துப் போட்டால் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் தரையை நிரப்பும்.

இரண்டு ரத்தத்துக்கும் இடையில் இருப்பது மெல்லிய ஒரு தோல். கருவின் தொடக்கத்தில் அதன் தடிமன் இருபது மைக்ரானுக்கு மேல் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நிறைமாதத்தில் இரண்டு முதல் நான்கு மைக்ரான் வரைதான். குழந்தை வளர வளரத் தேவை கூடுகிறது, தோல் மெலிகிறது. இதைச் சுவர் என்று சொல்வது பொருந்தாது. சத்தும் காற்றும் போய்வர வேண்டிய இடத்தில் சுவர் எழுப்பினால் குழந்தை பிழைக்காது.

சல்லடை என்று சொல்வதும் பொருந்தாது, ஏனென்றால் அந்தத் தோல் உயிருள்ளது. அதன் மேலடுக்கில், தாயின் ரத்தத்தைப் பார்த்த பக்கத்தில், உள்ளே நுழைந்த அந்நியப் பொருளை மறுபடி தாயின் ரத்தத்துக்கே தள்ளிவிடும் புரதப் பம்புகள் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. பி-கிளைகோபுரோட்டீன் என்பது அவற்றில் ஒன்று. இன்னொன்றை 1998இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன: ஒரு குழு கீமோவுக்கு மசியாத மார்புப் புற்றுநோய்ச் செல்லில், இன்னொரு குழு நஞ்சுக்கொடியில். புற்றுநோய்ச் செல் மருந்தை வெளியே துப்பித் தப்பிப்பதற்குப் பயன்படுத்தும் அதே கருவியைத்தான் நஞ்சுக்கொடி குழந்தையைக் காக்கப் பயன்படுத்துகிறது. இவ்வளவு காலம் இத்துறையில் இருந்தும் எனக்கு இது இன்னும் வியப்பாகவே இருக்கிறது.

எந்த மருந்து எவ்வளவு கடக்கும் என்பது மூலக்கூறின் அளவு, கொழுப்பில் கரையும் தன்மை, ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் தன்மை, இந்தப் பம்புகள் அதை அடையாளம் காண்கின்றனவா என்பது, இவை எல்லாவற்றையும் பொறுத்தது. பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வுக்குழு கருவுற்ற பபூன் குரங்குகளுக்கு மருந்து கொடுத்துத் தாயின் ரத்தத்திலும் குட்டியின் ரத்தத்திலும் அளந்து 2010இல் வெளியிட்டது. டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்து தாயிடம் இருந்த அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவே குட்டியைச் சேர்ந்தது. பாக்லிடாக்ஸல் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. கார்போபிளாட்டின் மட்டும் பாதிக்கு மேல் கடந்தது. முதல் இரண்டையும் பம்புகள் பிடித்துக்கொள்கின்றன. கார்போபிளாட்டின் சிறிய மூலக்கூறு, புரதத்தோடும் அதிகம் ஒட்டாது, பம்புகளும் அதைக் கண்டுகொள்வதில்லை. எனவே "கீமோ கடக்குமா" என்று பொதுவாகக் கேட்டால் பதில் இல்லை. மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மார்புப் புற்றுநோய்க்கு வழக்கமாக முதலில் போடப்படுவது நம் பக்கத்து நோயாளிகள் "சிவப்பு மருந்து" என்று சொல்லும் டாக்ஸோரூபிசின், அதோடு சைக்ளோபாஸ்பமைடு. மருந்து ஏறிய அன்று சிறுநீர் சிவந்து போவதைப் பார்த்து, பனிக்குடத்தில் ரத்தம் கசிகிறதோ என்று பதறி ஓடி வந்தவர்கள் உண்டு. அது மருந்தின் நிறம். ஓரிரு நாளில் தெளிந்துவிடும். ஆனால் பிறப்புறுப்பிலிருந்து ரத்தமோ நீரோ வந்தால் அது வேறு. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இனி, குழந்தையை மறந்துவிட்டு நஞ்சுக்கொடியை மட்டும் பார்ப்போம். தடுத்து நிறுத்தும் உறுப்பு தானும் அடி வாங்கும் அல்லவா? வாங்குகிறது. பாசி போன்ற கிளைகளின் மேலே இருக்கும் அடுக்கு விசித்திரமானது. அதில் செல்லுக்குச் செல் எல்லைக்கோடு கிடையாது. கிளைகள் எல்லாவற்றையும் ஒரே போர்வையாக மூடியிருக்கிறது. அந்தப் போர்வை தானாகப் பிரிந்து வளராது. அதன் அடியில் இருக்கும் இளஞ்செல்கள் பிரிந்து, மேலே சென்று கலந்து, நைந்த இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. கீமோவின் வேலையே பிரியும் செல்லைத் தாக்குவதுதான். டாக்ஸோரூபிசின் டி.என்.ஏவின் முறுக்கை அவிழ்க்கும் நொதியைப் பிடித்து நிறுத்துகிறது, கூடவே செல்லுக்குள் ஆக்சிஜன் சார்ந்த நச்சு மூலக்கூறுகளையும் கிளப்புகிறது. பாக்லிடாக்ஸல் செல் இரண்டாகப் பிரிய இழுக்கும் நுண்ணிழைகளை உறைய வைக்கிறது. இளஞ்செல்கள் குறைந்தால் போர்வையைப் புதுப்பிக்க ஆள் இல்லை. ஒரேயடியாகக் கிழிந்துவிடாது, ஆனால் வயதுக்கு முன்பே முதிர்ந்து போகும், புதிய கிளைகள் குறைவாகத் தளிர்க்கும்.

முதல் மூன்று மாதத்தில் கீமோ கூடாது என்று சொல்வதற்குக் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அது என்பது முதற்காரணம்; அக்காலத்தில் கொடுத்தால் பிறவிக் குறைகள் ஏறத்தாழ 10 முதல் 20 சதவீதம் வரை காணப்படுகின்றன, மூன்று மாதம் கடந்து கொடுத்தால் எல்லாக் கர்ப்பங்களிலும் காணப்படும் 3 சதவீத அளவை ஒட்டியே இருக்கின்றன. அதிகம் பேசப்படாத இரண்டாம் காரணம் நஞ்சுக்கொடி. அந்த வாரங்களில்தான் நஞ்சுக்கொடியின் செல்கள் கருப்பையின் சுவருக்குள் இறங்கி, தாயின் குறுகிய தமனிகளின் தசையைக் கரைத்து, அவற்றை அகன்ற வாய்க்கால்களாக மாற்றுகின்றன. பாலாற்றில் கோடையில் ஊற்று தோண்டுவதுபோல, தோண்டிய அளவுக்குத்தான் பிறகு நீர். இந்த வேலை ஏறத்தாழ 20 வாரம் அளவில் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. தோண்டும் காலத்தில் மருந்து விழுந்தால் வாய்க்கால் குறுகிவிடும். தோண்டி முடித்த பின் விழுந்தால் பாதிப்பு மிகக் குறைவு. உங்கள் தங்கை 20 வாரத்தில் இருக்கிறார் என்பதை இந்தக் கண்ணோடு பாருங்கள். 12 முதல் 14 வாரம் கடந்தபின் தொடங்கலாம் என்பது பொதுவான நடைமுறை.

நுண்ணோக்கியின் அடியில் என்ன தெரிகிறது? இதைக் கேட்பவர்கள் எரிந்த, கறுத்த, சிதைந்த ஏதோ ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். நான் பார்த்த பல கண்ணாடித் தகடுகள் சாதாரணமானவை. தாளில் எழுதியிராவிட்டால் கீமோ என்று ஊகித்திருக்கவே முடியாது. சிலவற்றில் நஞ்சுக்கொடி மாதத்துக்கு உரிய எடையைவிடச் சிறியது; கிளைகள் மெலிந்து, முன்கூட்டியே முதிர்ந்து, போர்வையின் உட்கருக்கள் ஆங்காங்கே முடிச்சாகக் கூடியிருக்கும். இதே தோற்றம் ரத்த அழுத்தம் உள்ள தாயிடமும் காணப்படும். கீமோவுக்கென்று தனி முத்திரை கிடையாது. நுண்ணோக்கிக்கு எட்டாத வேதிச் சோதனைகளில், கீமோ பெற்ற தாய்மாரின் நஞ்சுக்கொடிகளில் ஆக்சிஜன் சார்ந்த டி.என்.ஏ சேதத்தின் அடையாளம் கூடுதலாக இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆக, சேதம் உண்டு, பெரும்பாலும் தாங்கக்கூடிய அளவில்.

தாங்கியதன் விலை குழந்தையின் எடையில் தெரியலாம். 2015இல் வெளியான ஒரு பெரிய ஒப்பாய்வில், தாய்க்குப் புற்றுநோய் இருந்த 129 குழந்தைகளையும் அவர்களுக்கு இணையான மற்ற 129 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். முதல் கூட்டத்தில் 96 பேர் கருவில் கீமோவைக் கண்டவர்கள். எடை குறைந்து பிறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 22 சதவீதம், மற்றதில் 15 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் நேரக்கூடிய எல்லைக்குள்தான் இருந்தது. அறிவு வளர்ச்சியிலும் இதயத்திலும் இரு கூட்டத்துக்கும் வேறுபாடு காணவில்லை. 2018இல் 1170 தாய்மாரின் இருபது ஆண்டுப் பதிவுகளைத் தொகுத்தபோது, கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டின மருந்துகளுக்கும் எடைக் குறைவுக்கும் தெளிவான தொடர்பு தெரிந்தது. பாதிக்கு மேல் கடந்து போகும் மருந்து கார்போபிளாட்டின்தான் என்பதை மேலே பார்த்தோம்.

இந்த ஆய்வுகளில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. குழந்தைகளின் அறிவுத் திறன் குறைந்திருந்த இடங்களில் காரணம் பெரும்பாலும் கீமோ அன்று, குறைமாதப் பிறப்பு. 2012இல் வெளியான ஆய்வில், கருவில் கூடுதலாகத் தங்கிய ஒவ்வொரு மாதத்துக்கும் அறிவுத்திறன் அளவெண் சுமார் 11.6 புள்ளிகள் உயர்ந்திருந்தது. கீமோவுக்குப் பயந்து குழந்தையை 31, 32 வாரத்தில் வெளியே எடுத்துவிட்டு, "இப்போது தாய்க்கு நிம்மதியாக மருந்து போடலாம்" என்று சொல்வது கனிவான முடிவுபோலத் தோன்றும்; பல நேரங்களில் அதுதான் குழந்தைக்குக் கூடுதல் தீங்கு. வேறு காரணம் இல்லாதவரை 37 வாரம் வரை கொண்டுபோவதே நோக்கமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மருந்தைப் பிரசவத்துக்குப் பின் என்று தள்ளிவைப்பதையும் நான் ஏற்கமாட்டேன். உங்கள் தங்கைக்கு இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் இருக்கிறது, கட்டி அதுவரை காத்திருக்காது.

நஞ்சுக்கொடியின் தோலே முடிவு செய்யும் இன்னும் இரண்டு செய்திகள். முதலாவது, வாந்திக்கும் ஒவ்வாமைக்கும் கீமோவுடன் போடும் ஸ்டீராய்டு. நஞ்சுக்கொடியில் உள்ள ஒரு நொதி பிரெட்னிசொலோனைச் செயலிழக்கச் செய்து, பத்தில் ஒரு பங்கு அளவே குழந்தைக்கு விடுகிறது. டெக்ஸாமெதசோனை அந்த நொதியால் தடுக்க முடிவதில்லை. அதனால் திரும்பத் திரும்ப ஸ்டீராய்டு தேவைப்பட்டால் பிரெட்னிசொலோன் வகையைத் தேர்வது வழக்கம். இதை மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம்.

இரண்டாவது, டிராஸ்டுஸுமாப். ஹெர்-2 என்ற புரதம் மிகுந்த கட்டிக்குக் கொடுக்கும் இந்த மருந்து ஓர் ஆன்டிபாடி, அதாவது உடலின் நோயெதிர்ப்புப் புரதத்தின் வகை. வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கத்தில் எங்கள் வீட்டில் மாடு கன்று ஈன்றால், விழுந்த நஞ்சை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டிவிட்டு, கன்றுக்கு முதல் வேலையாகச் சீம்பாலைக் குடிக்க விடுவார்கள். மாட்டின் நஞ்சில் இடையடுக்குகள் அதிகம், தாயின் எதிர்ப்பாற்றல் கன்றுக்குக் கருவில் போய்ச் சேராது. சீம்பால்தான் அதைக் கொடுக்க வேண்டும். மனித நஞ்சுக்கொடியோ, ஆன்டிபாடியை அடையாளம் கண்டு கைப்பிடித்து அழைத்துப்போய்க் குழந்தையிடம் சேர்க்கிறது. ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு அது வேகமெடுக்கிறது. அளவில் டாக்ஸோரூபிசினைவிட இருநூறு மடங்குக்கு மேல் பெரிய டிராஸ்டுஸுமாபும் அந்த வழியே போய்விடுகிறது. குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரை வற்றச் செய்வதால் கர்ப்பத்தில் அது கூடாது. ஹார்மோனால் வளரும் கட்டிக்குக் கொடுக்கும் டமாக்ஸிஃபென் மாத்திரையும் கூடாது. இவை இரண்டும் பிரசவத்துக்குப் பின்தான்.

கீமோ நடக்கும்போது கவனிக்க வேண்டியது நஞ்சுக்கொடியின் வேலைத்திறனை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வளர்ச்சி ஸ்கேனும், அதோடு தொப்புள்கொடித் தமனியின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும் பார்ப்பார்கள். கிளைகள் குறைந்தால் குழந்தையின் இதயம் தள்ளும் ரத்தத்துக்கு எதிர்ப்புக் கூடும்; இரண்டு துடிப்புகளுக்கு இடையே முன்னோக்கி ஓட வேண்டிய ரத்தம் தேங்கும். எடை குறைவதற்கு முன்பே சில சமயம் அது தெரிந்துவிடும். ரத்தசோகையை அசட்டை செய்யாதீர்கள்; நம் பக்கத்தில் கர்ப்பிணிகளிடம் அது ஏற்கெனவே மிகுதி, கீமோ அதை இன்னும் இறக்கும், குறைந்த ரத்தத்தில் நஞ்சுக்கொடி இருமடங்கு உழைக்க வேண்டியிருக்கும். கீமோ போட்ட நாளிலிருந்து காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு விடியும்வரை காத்திருக்கக் கூடாது. குடியாத்தத்திலிருந்து வேலூருக்கு எந்த நேரமும் வரக்கூடிய வண்டி ஒன்றை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஏழாம் மாதச் சீமந்தத்தை விடவேண்டியதில்லை. மருந்துக்கு முந்தைய நாட்களாகப் பார்த்து, கூட்டமில்லாமல் செய்யுங்கள். மருந்து ஏறிய ஒன்று இரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் மிகவும் இறங்கியிருக்கும், அப்போது கூட்டம் ஆகாது.

கடைசி கீமோவுக்கும் பிரசவத்துக்கும் இடையே மூன்று வாரம் இருக்க வேண்டும், 35 வாரத்துக்குப் பின் புதிதாகக் கொடுப்பதில்லை. தாயின் ரத்த அணுக்கள் மீள வேண்டும் என்பது ஒரு காரணம். குழந்தையின் உடலில் மிச்சம் இருக்கும் மருந்தைக் கழுவித் தாயின் சிறுநீரகத்துக்கு அனுப்புவது நஞ்சுக்கொடி என்பது இன்னொரு காரணம். தொப்புள்கொடியை வெட்டிய நொடியில் அந்த வழி அடைபடுகிறது, பச்சிளம் கல்லீரலும் சிறுநீரகமும் தனியாகத் திணற வேண்டியிருக்கும். பிரசவத்துக்குப் பின் கீமோ தொடர்ந்தால் தாய்ப்பால் கொடுக்க முடியாது. இதை முன்பே சொல்லி மனத்தைத் தயார் செய்வது நல்லது.

ஒரு வேண்டுகோள் மிச்சம் இருக்கிறது. நம் ஊரில் இதற்கு நஞ்சு என்றே பெயர் வைத்திருக்கிறோம். விழாமல் உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே நஞ்சாகிவிடும் என்ற அச்சத்திலிருந்து அப்பெயர் வந்திருக்கலாம் என்பது என் ஊகம். அதனாலோ என்னவோ, விழுந்தவுடன் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருமுறை ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் நஞ்சுக்கொடி ஒன்று வந்தது. ஒட்டிய தாளில் தாயின் பெயரும் "எடை குறைந்த குழந்தை" என்ற இரண்டு வரியும் மட்டும். ரத்த அழுத்தக் கோளாறு என்று எழுத இருந்தேன். ஏதோ உறுத்தவே தொலைபேசியில் கேட்டபோதுதான், அந்தப் பெண் நான்கு முறை கீமோ பெற்றவர் என்று தெரிந்தது. புற்றுநோய்ச் செல் நஞ்சுக்கொடிக்குப் பரவுவது மிக அரிது, மெலனோமா என்ற தோல் புற்றுநோய் போன்ற சிலவற்றில்தான் கூடுதலாகக் கண்டிருக்கிறார்கள். ஆனால் தேட வேண்டும் என்று தெரிந்தால்தான் அதைத் தேட முடியும், கூடுதல் துண்டுகள் எடுக்க முடியும். அதனால் பிரசவ அறைக்குப் போகும் முன்பே சொல்லிவையுங்கள்: நஞ்சுக்கொடியை எறிந்துவிடாமல் பேத்தாலஜிக்கு அனுப்ப வேண்டும், கூட வரும் தாளில் கட்டியின் வகை, மருந்துகளின் பெயர், எத்தனை முறை, கடைசி ஊசி போட்ட தேதி, குழந்தையின் எடை ஆகியவை இருக்க வேண்டும்.